பதிவேட்டிலிருந்து இயந்திரத்துக்கு: ஊத்துக்கோட்டை வட்டாரமும் செயற்கை நுண்ணறிவு ஆளுகையின் வரலாறும்

கணினிகள் மனிதரைப் பற்றி எடுக்கும் முடிவுகளும், எடுக்க உதவும் முடிவுகளும் நியாயமாகவும் எவரையும் விட்டுவிடாமலும் அமைவதற்கான சட்டங்கள், கொள்கைகள், நடைமுறைகள் ஆகியவற்றின் தொகுப்பே செயற்கை நுண்ணறிவு ஆளுகை எனப்படுகிறது. இது பெரும்பாலும் பெருநிறுவனங்கள், வல்லரசுகள், உச்சி மாநாடுகள் ஆகியவற்றின் கதையாகவே எழுதப்படுகிறது. ஆனால் வளரும் நாடுகளின் சிற்றூர்களில் வாழும் பெரும்பாலோர் கணினியின் முடிவைச் சந்திக்கும் இடங்கள் நியாயவிலைக் கடை, வட்டாட்சியர் அலுவலகம், ஊதியப் பட்டியல், உதவித்தொகைப் பட்டியல் ஆகியவையே. திருவள்ளூர் மாவட்டத்தின் ஊத்துக்கோட்டை போன்ற ஒரு வட்டாரத்திலிருந்து பார்த்தால் இந்த ஆளுகையின் வரலாறு கணினிக்கு முன்பே, ஊர்க் கணக்கேட்டிலிருந்தே தொடங்குகிறது. ஏட்டில் யார் பெயர் இருக்கிறது, ஏடு தவறினால் அதை எங்கே முறையிடுவது என்ற இரண்டு கேள்விகளும் அன்று முதல் இன்று வரை மாறவில்லை.

வட்டாரப் பின்னணி

ஊத்துக்கோட்டை, ஆரணி ஆற்றங்கரையில் ஆந்திர எல்லையை ஒட்டி அமைந்த பேரூராட்சி. அதே பெயர் கொண்ட வட்டத்தின் தலைநகர். சென்னையிலிருந்து நாகலாபுரம், புத்தூர் வழியாகத் திருப்பதி செல்லும் சாலை இவ்வூரைக் கடக்கிறது. மொழிவழி மாநிலப் பிரிவினைக்குப் பின் எழுந்த எல்லைச் சிக்கல் படாஸ்கர் தீர்ப்பின் அடிப்படையில் தீர்க்கப்பட்டு, 1960 ஏப்ரல் 1 முதல் திருத்தணிப் பகுதி சென்னை மாநிலத்துக்கு வந்தது. சத்தியவேடு பகுதி ஆந்திரத்துக்குச் சென்றது. எல்லைக்கோடு மாறினாலும் உறவுமுறைகளும் பேச்சும் மாறவில்லை. தமிழும் தெலுங்கும் கலந்து புழங்கும் குடும்பங்கள் எல்லையின் இருபுறமும் உள்ளன.

1983ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி அமைந்த தெலுங்கு கங்கைத் திட்டத்தின் கால்வாய், கண்டலேறு அணையிலிருந்து வந்து ஊத்துக்கோட்டை அருகே தமிழ்நாட்டுக்குள் நுழைகிறது. ‘ஜீரோ பாயிண்ட்’ எனப்படும் அந்த இடத்திலிருந்து நீர் பூண்டி ஏரிக்குச் செல்கிறது. 1996இல் முதல் நீர் வந்தது. எவ்வளவு நீர் வந்தது என்ற கணக்கு இந்த எல்லைப் புள்ளியில் எடுக்கப்படும் அளவைப் பொறுத்தது. கொடுப்பவரும் பெறுபவரும் ஒரே அளவைச் சரிபார்க்க முடிகிறது என்பதே அக்கணக்கின் நம்பகத்தன்மைக்கு அடிப்படை.

வட்டாரத்தின் கிழக்கே கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டை இருக்கிறது. சுற்றிலும் செங்கல் சூளைகள், அரிசி ஆலைகள், வேளாண் நிலங்கள். ஒடிசா முதலிய மாநிலங்களிலிருந்து வந்த தொழிலாளர்களும், அரசால் நலிவுற்ற பழங்குடியினர் என வகைப்படுத்தப்பட்ட இருளர்களும் இவற்றில் உழைக்கின்றனர். கொத்தடிமைத் தொழில்முறை 1976ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிக்கப்பட்ட பின்னரும், இம்மாவட்டத்தின் சூளைகளிலிருந்தும் ஆலைகளிலிருந்தும் கொத்தடிமைகள் பலமுறை மீட்கப்பட்டுள்ளனர். ஓரிடத்தில் நிலையாக இராதவர், கையில் ஆவணம் இல்லாதவர், இரண்டு மொழிகளில் பெயர் எழுதப்படுபவர் என, எந்தத் தரவுத்தளத்திலும் எளிதில் அடங்காத மக்கள் பலர் வாழும் வட்டாரம் இது.

ஏட்டுக்கு உரியவர்

1763இல் ஆர்க்காட்டு நவாபு கிழக்கிந்தியக் கம்பெனிக்கு அளித்த செங்கல்பட்டு ஜாகீரில் இன்றைய திருவள்ளூர் மாவட்டத்தின் பல ஊர்களும் அடங்கின. 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு அந்த ஜாகீரின் ஏறத்தாழ 2,000 ஊர்களை அளந்து கணக்கெடுத்தார். வீடுகள், குளங்கள், நிலங்கள், ஊர்ப் பணியாளர்களுக்குரிய பங்குகள் எனப் பலவும் அதில் பதிவாயின. அக்கணக்குகளுக்கு அடிப்படையாக இருந்தவை ஊர்க் கணக்கர்கள் வைத்திருந்த ஓலை ஏடுகள்.

பின்னர் இரயத்துவாரி முறை வேரூன்றியபோது, கர்ணம் அல்லது கணக்குப்பிள்ளை எனப்பட்ட ஊர்க் கணக்கரின் கை மேலும் ஓங்கியது. எந்த நிலம் யார் பெயரில், எவ்வளவு பரப்பு, என்ன பயிர் என்பதை அவரே எழுதினார். எழுத்தறியாத குடியானவருக்கு அந்த ஏட்டில் என்ன இருக்கிறது என்பது தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டுமானாலும் அவரையே கேட்க வேண்டும். பதவி பெரும்பாலும் பரம்பரையாக வந்தது. இன்று கணினி நிரல்களைப் பற்றிச் சொல்லப்படும் குறை, அதாவது உள்ளே நடப்பது வெளியாருக்குத் தெரிவதில்லை என்பது, அன்று கர்ணத்தின் ஏட்டுக்கும் பொருந்தியது.

அந்த முறைக்குள்ளேயே ஒரு மாற்றும் இருந்தது. ஆண்டுக்கு ஒருமுறை வட்டத் தலைமையிடத்தில் வருவாய்த் தீர்வாயம் என்னும் ஜமாபந்தி நடைபெறும். பசலி ஆண்டு ஜூலை 1இல் தொடங்குவதால், அதற்கு முன் கோடையில் ஊர்க் கணக்குகள் அனைத்தும் மேலதிகாரியின் முன் வைக்கப்பட்டுத் தணிக்கை செய்யப்படும். அதே இடத்தில் மக்கள் மனு கொடுக்கலாம். வரி வசூலை உறுதிசெய்யவே இது ஏற்பட்டது என்றாலும், கணக்கை எழுதியவர், அவருக்கு மேலான அதிகாரி, கணக்கில் பெயர் உள்ளவர் ஆகிய மூவரும் ஒரே நாளில் ஓரிடத்தில் கூடும் ஏற்பாடாக அமைந்தது. ஊத்துக்கோட்டை உள்ளிட்ட வட்டாட்சியர் அலுவலகங்களில் ஜமாபந்தி இன்றும் நடைபெறுகிறது. நில வரி அரசு வருவாயில் சிறு பங்காகிவிட்ட பின்பும் அது நீடிப்பதற்கு, பட்டா மாறுதல், முதியோர் உதவித்தொகை, வீட்டுமனை கோரி மக்கள் அங்கே திரள்வதே முதன்மைக் காரணம்.

1980 நவம்பரில் ம. கோ. இராமச்சந்திரன் அரசு கர்ணம், மணியம் முதலிய பகுதிநேரக் கிராம அலுவலர் பதவிகளை அவசரச் சட்டத்தால் ஒழித்தது. தேர்வு மூலம் நியமிக்கப்படும் கிராம நிர்வாக அலுவலர் அவ்விடத்துக்கு வந்தார். இச்சட்டத்தை உச்ச நீதிமன்றம் 1982இல் உறுதிசெய்தது. ஏட்டை எழுதும் உரிமை ஒரு குடும்பத்தின் கையிலிருந்து பொதுப்பணிக்கு மாறியது.

பிழை கணினிக்கு ஏறிய விதம்

இதே காலத்தில் 1979 முதல் 1987 வரை தமிழ்நாட்டில் நிலவுடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டம் நடந்தது. யு.டி.ஆர். என்றே மக்களிடம் அறியப்படும் இத்திட்டத்தில், பழைய பதிவேடுகள் களத்தில் உள்ள உடைமையோடு ஒப்பிடப்பட்டுப் புதிய பட்டாக்கள் வழங்கப்பட்டன. இலட்சக்கணக்கானோருக்கு முதன்முறையாகத் தெளிவான பட்டா கிடைத்தது. கூடவே பெயர் மாற்றம், பரப்புக் குறைவு, உட்பிரிவுத் தவறு எனப் பிழைகளும் புகுந்தன.

அடுத்த பத்தாண்டுகளில் நில ஆவணங்கள் ‘தமிழ்நிலம்’ மென்பொருளில் ஏற்றப்பட்டன. பின்னர் இணையத்தில் எவரும் பட்டாவையும் அ-பதிவேட்டையும் பார்க்கும் வசதி வந்தது. கர்ணத்தின் வீட்டில் இருந்த ஏட்டைக் கைப்பேசியில் பார்க்க முடிவது வரலாற்றில் பெரிய மாற்றம். ஆனால் கணினி, தனக்குக் கொடுக்கப்பட்டதையே ஏற்றுக்கொண்டது. யு.டி.ஆர். பிழைகள் அப்படியே கணினிப் பிழைகளாயின. கையெழுத்தில் இருந்தபோது ஐயத்துக்கு இடம் தந்த ஒரு பதிவு, அச்சிட்டு வந்தபின் உறுதியான உண்மை போலத் தோன்றியது. இன்றும் யு.டி.ஆர். பிழைத் திருத்தம் கோரும் மனுக்கள் வருவாய்த் துறையின் வழக்கமான பணிகளுள் ஒன்று.

செயற்கை நுண்ணறிவு ஆளுகையில் ‘பயிற்சித் தரவின் சாய்வு’ என்று சொல்லப்படுவதை இந்த அனுபவம் எளிதில் விளக்குகிறது. இயந்திரம் கற்றுக்கொள்வது முன்பு எழுதப்பட்டவற்றிலிருந்தே. முன்பு விடுபட்டவர் அங்கும் விடுபடுகிறார். முன்பு தவறாக எழுதப்பட்டவர் அங்கும் தவறாகவே அறியப்படுகிறார்.

கைரேகையும் நியாயவிலைக் கடையும்

ஆதார் எண் முதன்முதலில் 2010 செப்டம்பர் 29 அன்று மகாராட்டிர மாநிலம் டெம்பிலி கிராமத்தில் வழங்கப்பட்டது. 2016ஆம் ஆண்டின் ஆதார் சட்டம், அரசின் மானியங்களையும் உதவிகளையும் பெற அதைக் கேட்க வழிவகுத்தது. 2018 செப்டம்பர் 26 அன்று உச்ச நீதிமன்றம் அச்சட்டத்தின் பெரும்பகுதியை ஏற்றுக்கொண்டது. அதற்கு ஓராண்டு முன், 2017 ஆகஸ்ட் 24 அன்று, தனியுரிமை அடிப்படை உரிமை என்று ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு ஒருமனதாகத் தீர்ப்பளித்திருந்தது.

ஜார்க்கண்டின் சிம்டேகா மாவட்டத்தில் 2017 செப்டம்பரில் 11 வயதுச் சிறுமி ஒருத்தி இறந்தாள். ஆதாருடன் இணைக்கப்படாததால் அக்குடும்பத்தின் உணவு அட்டை நீக்கப்பட்டிருந்தது. பட்டினியே காரணம் என்று குடும்பத்தினரும் உரிமை அமைப்புகளும் கூறினர். அதிகாரிகள் அதை மறுத்து நோயைக் காரணம் காட்டினர். அவ்வாண்டு இறுதியில், ஆதார் இல்லாததாலோ கைரேகை பொருந்தாததாலோ எவருக்கும் உரிய பயன் மறுக்கப்படக் கூடாது என்றும், அத்தகையோருக்கு மாற்று வழி வேண்டும் என்றும் நடுவண் அரசு சுற்றறிக்கை அனுப்பியது.

தமிழ்நாட்டில் நியாயவிலைக் கடைகளின் பயன் வறியவர் என்று தனியாகப் பிரிக்காமல் எல்லாக் குடும்பங்களுக்கும் உரியதாகவே நீடித்து வந்துள்ளது. தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2016 நவம்பர் 1இல் இங்கு நடைமுறைக்கு வந்தபோதும் இந்த ஏற்பாடு கைவிடப்படவில்லை. 2017 ஏப்ரலில் மின்னணுக் குடும்ப அட்டைகள் வழங்கத் தொடங்கினர். 2020 அக்டோபரில் ‘ஒரே நாடு ஒரே ரேஷன் அட்டை’ திட்டத்தோடு கைரேகைச் சரிபார்ப்பும் வந்தது.

இத்திட்டத்தால் ஒடிசாவிலிருந்து வந்த சூளைத் தொழிலாளி தம் மாநில அட்டைக்குரிய அரிசியை இங்கேயே வாங்க வழி பிறந்தது. ஆனால் அதற்கு அவர் விரலை வைக்க வேண்டும். மண்ணும் செங்கல்லும் தேய்த்த விரலில் கோடுகள் மங்கிவிடுகின்றன. முதியவர்களின் நிலையும் அதுவே. இணையச் சமிக்ஞை விழாத இடங்களில் நல்ல விரலும் பயன்படாது. எல்லாத் தமிழ்நாட்டு மாவட்டங்களிலும் எழுந்த இப்புகார்களைத் தொடர்ந்து, கைப்பேசிக் கடவு எண், பதிவேட்டில் கையொப்பம், நேரில் வர இயலாத முதியோருக்குப் பதிலாளை நியமிக்கும் படிவம், பின்னர் கருவிழிச் சரிபார்ப்பு எனப் பல மாற்று வழிகள் ஏற்பட்டன. கருவி சரியாகும்வரை காத்திருக்கச் சொல்லாமல், கருவி தவறினாலும் அரிசி கிடைக்கும்படி செய்த இந்த ஏற்பாடுகளே பெரும்பாலோரைத் திட்டத்துக்குள் வைத்திருந்தன.

தெலங்கானாவின் படிப்பினை

ஆந்திர எல்லைக்கு அப்பால் தெலங்கானாவில் வரலாறு வேறு விதமாகச் சென்றது. அம்மாநில அரசு ‘சமக்ர வேதிகா’ என்னும் கணினி அமைப்பை உருவாக்கியது. வாகனப் பதிவு, சொத்து, மின் இணைப்பு, வரி எனப் பல துறைகளின் தரவுத்தளங்களில் உள்ள பெயர்களையும் முகவரிகளையும் ஒப்பிட்டு, இவர் இன்னார்தான் என்று கணித்து, அவர் உதவிக்குத் தகுதியானவரா என்று சொல்வது இதன் பணி.

2014க்கும் 2019க்கும் இடையில் தெலங்கானாவில் சுமார் 19 லட்சம் உணவு அட்டைகள் நீக்கப்பட்டன. பலருக்கு முன்னறிவிப்பு இல்லை. கடைக்குச் சென்றபோதுதான் அட்டை இல்லை என்பது தெரிந்தது. பொதுநல வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் 2022 ஏப்ரலில், கணினியின் கணிப்பை மட்டும் நம்பாமல் நீக்கப்பட்ட அட்டைகளைக் களத்தில் நேரில் சரிபார்க்கும்படி ஆணையிட்டது. 2024 ஜனவரியில் வெளிவந்த ஒரு புலனாய்வுச் செய்தித் தொடரின்படி, மறு ஆய்வு முடிந்த விண்ணப்பங்களில் குறைந்தது 7.5 விழுக்காட்டினர் தகுதியிருந்தும் நீக்கப்பட்டவர்கள். ஐதராபாத்தில் ரிக்‌ஷா ஓட்டிப் பிழைத்த ஒருவரை, அதே போன்ற பெயர் கொண்ட கார் உரிமையாளராக இயந்திரம் எடுத்துக்கொண்டதால் அவருடைய குடும்பம் பல ஆண்டுகள் மலிவு அரிசியை இழந்ததும் அத்தொடரில் பதிவானது.

பெயர் ஒப்பீட்டில் வரும் இந்தச் சிக்கல் ஊத்துக்கோட்டை போன்ற எல்லையூர்களில் இன்னும் கூர்மையானது. தமிழெழுத்தில் ‘க’ ஒன்றே பல ஒலிகளைக் குறிக்கும். தெலுங்கில் ஒவ்வொன்றுக்கும் தனி எழுத்து. இரண்டையும் ஆங்கிலத்தில் எழுதும்போது ஒரே மனிதரின் பெயர் அட்டைக்கு அட்டை வேறுபடும். தமிழ்நாட்டில் தந்தை பெயரின் முதலெழுத்தே தலைப்பெழுத்து. குடும்பப் பெயர் வழக்கம் இல்லை. தெலுங்கு வழக்கில் வீட்டுப் பெயர் முன்னே வரும். குடும்பப் பெயர் கட்டாயம் உண்டு என்று எண்ணி வடிவமைத்த ஒரு நிரல், இவர்களுள் ஒருவரை இருவராகவும் இருவரை ஒருவராகவும் காண இடமுண்டு.

ஐரோப்பாவிலும் இத்தகைய வரலாறு உண்டு. நெதர்லாந்தில் உதவித்தொகை மோசடியைக் கணிக்கும் ‘சைரி’ என்னும் அமைப்பு மனித உரிமைக்கு முரணானது என்று தி ஹேக் நீதிமன்றம் 2020 பிப்ரவரி 5 அன்று தீர்ப்பளித்தது. குழந்தைப் பராமரிப்பு உதவியில் ஆயிரக்கணக்கான பெற்றோர் மோசடியாளர் எனத் தவறாகக் குறிக்கப்பட்ட விவகாரத்தில், 2021 ஜனவரியில் அந்நாட்டு அமைச்சரவையே பதவி விலகியது. செல்வ நாட்டிலும் ஏழை நாட்டிலும் இயந்திரத்தின் தவறு முதலில் விழுந்தது உதவியை நம்பி வாழ்பவர் மீதுதான்.

மகளிர் உரிமைத்தொகையும் மேல்முறையீடும்

2023 செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் கலைஞர் மகளிர் உரிமைத்தொகைத் திட்டத்தைத் தொடங்கினார். மாதம் 1,000 ரூபாய். குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள், நன்செய் 5 ஏக்கர் அல்லது புன்செய் 10 ஏக்கருக்கு மிகாமல், ஆண்டு மின் பயன்பாடு 3,600 அலகுக்குள் என்பவை முதன்மையான தகுதிகள். சுமார் 1.63 கோடி விண்ணப்பங்கள் வந்தன. அரசுத் துறைகளின் தரவுகளோடு ஒப்பிட்ட பின் ஏறத்தாழ 1.06 கோடிப் பெண்கள் தேர்வாயினர்.

இது முன்பே வகுத்த விதிகளின்படி நடந்த தரவு ஒப்பீடு. தானே கற்றுக்கொள்ளும் செயற்கை நுண்ணறிவோடு இதை ஒன்றாக்கிவிட முடியாது. எனினும் விண்ணப்பித்தவரின் நோக்கில் இரண்டும் ஒன்றே: எங்கோ உள்ள ஒரு கணினி அவரைப் பற்றித் தீர்மானிக்கிறது. பல குடித்தனங்கள் ஒரே மின் இணைப்பில் இருந்தால், அலகுக் கணக்கு அவர்களைச் செல்வராகக் காட்டிவிடும். பெயரில் நிலம் இருந்தும் அனுபவத்தில் இல்லாதவருக்கும், பாகப்பிரிவினை பதிவாகாத குடும்பத்துக்கும் இதே நிலை.

இத்திட்டத்தில் அமைந்த நடைமுறை வரலாற்று நோக்கில் கவனிக்கத்தக்கது. நிராகரிக்கப்பட்டவர்களுக்குக் காரணம் குறுஞ்செய்தியாக அனுப்பப்பட்டது. 30 நாட்களுக்குள் இ-சேவை மையம் வழியாக வருவாய்க் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம் என்றும், அவர் கள ஆய்வு செய்து முடிவெடுப்பார் என்றும் அறிவிக்கப்பட்டது. இரண்டாம் கட்டமாக, 2023 நவம்பர் 10 அன்று மேலும் 7.35 லட்சம் பெண்கள் சேர்க்கப்பட்டனர். தெலங்கானாவில் உச்ச நீதிமன்றம் வரை சென்று பெற வேண்டியிருந்த நேரடிச் சரிபார்ப்பு, இங்கே திட்டத்தின் விதியாகவே இருந்தது. முதல் பட்டியலில் வராத இலட்சக்கணக்கானோருக்கு இரண்டாவது வாசல் ஒன்று திறந்திருந்தது என்பதை அந்த எண் காட்டுகிறது.

அவ்வாசலுக்கும் எல்லை உண்டு. குறுஞ்செய்தி வர வேண்டுமானால் கைப்பேசி வேண்டும். அதைப் படிக்கத் தெரிய வேண்டும். இ-சேவை மையத்துக்குச் செல்ல ஒரு நாள் கூலியை விட வேண்டும். விண்ணப்பிக்கக் குடும்ப அட்டையே இல்லாதவர் நிராகரிக்கப்பட்டோர் கணக்கிலும் வரமாட்டார்.

2020ஆம் ஆண்டின் கொள்கை

இந்த அனுபவங்களுக்கு நடுவே, 2020 செப்டம்பரில் அன்றைய முதலமைச்சர் எடப்பாடி க. பழனிசாமி ‘தமிழ்நாடு பாதுகாப்பான, அறநெறி சார்ந்த செயற்கை நுண்ணறிவுக் கொள்கை 2020’ என்னும் ஆவணத்தை வெளியிட்டார். இந்தியாவில் மாநில அளவில் முதலில் வந்த இத்தகைய கொள்கைகளுள் இது ஒன்று.

‘டாம்-டெஃப்’ என்று பெயரிட்ட ஒரு சட்டகத்தை இக்கொள்கை முன்வைத்தது. வெளிப்படைத்தன்மையும் தணிக்கையும், பொறுப்பேற்பும் சட்டச் சிக்கல்களும், தவறான பயன்பாட்டிலிருந்து பாதுகாப்பு, மின்னணு இடைவெளியும் தரவுப் பற்றாக்குறையும், அறநெறி, நியாயமும் சமத்துவமும் என்பவை அதன் ஆறு கூறுகள். ‘டீப்-மேக்ஸ்’ என்னும் மதிப்பெண் அட்டை, ஓர் அமைப்பை மக்களிடம் கொண்டு செல்லும் முன் ஏழு அளவுகோல்களால் மதிப்பிட வேண்டும் என்றது. ஒரு சமூகத்தில், ஒரு நிலப்பகுதியில் சரியாக இயங்கும் அமைப்பு மற்றொன்றிலும் அவ்வாறே இயங்குகிறதா என்பது அவற்றுள் ஒன்று. ஊத்துக்கோட்டை போன்ற எல்லைப்புற வட்டாரத்துக்கு மிக நெருக்கமான அளவுகோல் இதுவே.

மேலை நாடுகளின் ஆவணங்களில் பின்தங்கியே பேசப்பட்ட தரவுப் பற்றாக்குறையை முதன்மைக் கூறுகளுள் ஒன்றாக வைத்தது இக்கொள்கையின் சிறப்பு. ஆனால் இது சட்டம் அன்று. மதிப்பெண் குறைந்த ஓர் அமைப்பால் பாதிக்கப்பட்டவர் இதைக் காட்டி நீதிமன்றத்தில் உரிமை கோர முடியாது.

தமிழ்நாடு மின்னாளுமை முகமை கண்புரையைக் கைப்பேசிப் படத்தின் வழியே கண்டறிய உதவும் ‘இ-பார்வை’ செயலியை உருவாக்கியது. சுகாதாரப் பணியாளர் எடுத்துச் செல்லும் இத்தகைய கருவி, கண் மருத்துவர் இல்லாத ஊருக்குப் பெரும் உதவி. செயலி ஐயம் எழுப்பினாலும் முடிவு சொல்வது மருத்துவரே. 2024 பிப்ரவரியில் தாக்கலான வரவு செலவுத் திட்டத்தில் தமிழ்நாடு செயற்கை நுண்ணறிவு இயக்கம் அறிவிக்கப்பட்டது.

நாடும் உலகும்

நிதி ஆயோக் 2018 ஜூனில் தேசியச் செயற்கை நுண்ணறிவு உத்தியை வெளியிட்டது. 2021இல் பொறுப்பான செயற்கை நுண்ணறிவுக்கான நெறிகளை இரு பகுதிகளாகத் தந்தது. 2024 மார்ச் 7 அன்று நடுவண் அமைச்சரவை 10,300 கோடி ரூபாய்க்கும் மேற்பட்ட இந்தியா செயற்கை நுண்ணறிவு இயக்கத்துக்கு ஒப்புதல் அளித்தது. உலக அளவில் யுனெஸ்கோவின் 193 உறுப்பு நாடுகள் 2021 நவம்பரில் செயற்கை நுண்ணறிவு அறநெறிப் பரிந்துரையை ஏற்றன. ஆப்பிரிக்க ஒன்றியம் 2024இல் தன் கண்டத்துக்கெனத் தனி உத்தியை வகுத்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டம் 2024 ஆகஸ்ட் 1இல் நடைமுறைக்கு வந்தது. மக்களின் உதவித்தொகைத் தகுதியை மதிப்பிடும் அமைப்புகளை அது அதிக இடர் உள்ளவை என வகைப்படுத்துகிறது.

இந்தியாவின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்டில் ஒப்புதல் பெற்றது. தன்னைப் பற்றிய தரவைத் திருத்தக் கோரும் உரிமை அதில் உண்டு. முழுவதும் இயந்திரம் எடுத்த முடிவுக்கு உட்படாதிருக்கும் உரிமை ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு விதிகளில் 2018 முதல் நடைமுறையில் உள்ளது. இந்தியச் சட்டத்தில் அதற்கு ஈடான பிரிவு இல்லை. அரசு அறிவிக்கும் அமைப்புகளுக்கு விலக்கு அளிக்கவும் சட்டம் இடம் தருகிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் தனிநபர் தகவல் பற்றிய பிரிவையும் இது மாற்றியமைத்ததால், பயனாளிகளின் பட்டியலைப் பொதுவில் பார்த்துச் சரிபார்க்கும் வழி குறுகும் என்று தகவல் உரிமைச் செயற்பாட்டாளர்கள் கவலை தெரிவித்துள்ளனர். 1997இலேயே தகவல் உரிமைக்கெனச் சட்டம் இயற்றிய முதல் மாநிலம் தமிழ்நாடு என்பதால், இக்கவலைக்கு இங்கே கூடுதல் பொருள் உண்டு.

மொழியும் விடுபடுவோரும்

பெரும் மொழி மாதிரிகள் இணையத்தில் உள்ள எழுத்துகளிலிருந்து கற்கின்றன. அவற்றில் ஆங்கிலத்தின் பங்கு மிகப் பெரிது. தமிழின் பங்கு சிறிது. பேச்சுத் தமிழின் பங்கு அதனினும் சிறிது. இக்குறையைப் போக்கச் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் ‘ஏ.ஐ.4பாரத்’ ஆய்வகம் இந்திய மொழிகளின் பேச்சுத் தரவுகளைத் திரட்டி எவரும் பயன்படுத்தும்படி வெளியிட்டு வருகிறது. நடுவண் அரசின் ‘பாஷினி’ மொழிபெயர்ப்புத் திட்டம் 2022 முதல் செயல்படுகிறது. எனினும் தெலுங்கு கலந்த வடபகுதித் தமிழும், இருளரின் பேச்சும், சூளையில் கேட்கும் ஒடியாவும் ஒரு குரல்வழிக் குறைதீர் சேவைக்குப் புரிந்தால்தான் அச்சேவை இவ்வட்டாரத்துக்கு உரியதாகும்.

இருளர் குடும்பங்கள் பலவற்றின் முதல் தடை ஆவணமே. பழங்குடியினர் சான்றிதழ் வழங்கும் அதிகாரம் கோட்டாட்சியரிடம் உள்ளது. அதைக் கேட்பவர் பெற்றோரின் சான்றைக் காட்ட வேண்டியிருக்கும். ஏரிக்கரையிலும் புறம்போக்கிலும் வாழ்ந்த பெற்றோரிடம் அது இருந்திராது. சான்று இல்லாததால் உதவி இல்லை. உதவிப் பட்டியலில் பெயர் இல்லாததால் தரவு இல்லை. தரவு இல்லாததால் அவர்கள் இருப்பதையே இயந்திரம் அறியாது. எவ்வளவு நேர்மையாக எழுதப்பட்ட நிரலும் தன் முன் வராத மனிதருக்கு நியாயம் செய்ய முடியாது.

ஊதியத் துறையிலும் இதே பாதை தெரிகிறது. 2023 ஜனவரி 1 முதல் நூறு நாள் வேலைத் திட்டப் பணியிடங்களில் வருகைப் பதிவுக்கு, நாளுக்கு இருமுறை புகைப்படம் ஏற்றும் கைப்பேசிச் செயலி கட்டாயமானது. போலி வருகையைத் தடுப்பது நோக்கம். படம் ஏறாத நாளில் வேலை செய்தவரின் கூலி கேள்விக்குள்ளாவது அதன் மறுபக்கம். ஆனால் இத்திட்டத்தின் 2005ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே 17ஆம் பிரிவு, கிராம சபையில் சமூகத் தணிக்கை நடத்த வேண்டும் என்றது. யார் வேலை செய்தார், யாருக்கு எவ்வளவு கிடைத்தது என்பதை ஊரார் முன் வாசித்துச் சரிபார்க்கும் முறை அது.

கணக்கை வாசிக்கும் இடம்

கர்ணத்தின் ஏடு முதல் உரிமைத்தொகைப் பட்டியல் வரையிலான இவ்வரலாற்றில் ஒரு தொடர்ச்சி காணப்படுகிறது. பதிவு செய்யும் கருவி மாறிய ஒவ்வொரு முறையும் வேகமும் பரப்பும் கூடின. பழைய பிழைகளும் கூடவே வந்தன. மக்கள் உள்ளே சேர்க்கப்பட்டது, ஒரு மனிதரிடம் காரணம் கேட்டு முறையிடும் இடம் அருகில் இருந்தபோதுதான். கையொப்பம் இட்டு அரிசி வாங்க விட்ட பதிவேடும், கோட்டாட்சியரின் கள ஆய்வும், தெலங்கானா பற்றிய உச்ச நீதிமன்ற ஆணையும் இதையே சொல்கின்றன.

அந்த இடங்களைப் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டிய தேவை இவ்வட்டாரத்துக்கு இல்லை. ஆண்டுக்கு ஒருமுறை ஜமாபந்தி நடக்கிறது. ஆறு முறை கிராம சபை கூடுகிறது. ஓர் ஊரில் இவ்வாண்டு கணினி யார் யாரை நீக்கியது, என்ன காரணம் காட்டியது, எத்தனை பேர் முறையிட்டனர், எத்தனை முடிவுகள் மாற்றப்பட்டன என்னும் நான்கு கணக்குகளும் நில வரிக் கணக்கைப் போலவே அங்கே வைக்கப்பட்டால், 2020ஆம் ஆண்டுக் கொள்கையின் ஆறு கூறுகளும் ஏழு அளவுகோல்களும் ஊரார் கேட்டு விடை பெறக்கூடிய கேள்விகளாக மாறும். ஜீரோ பாயிண்டில் கால்வாய் நீரை அளப்பது போல, அளப்பவரும் அளக்கப்படுபவரும் ஒரே அளவுகோலைப் பார்க்கும் ஏற்பாடு அது.